கேரண்டி: இந்த வார்த்தைக்குப் பின்னால நிக்கிற ஆள் யாரு?



ஃபிக்ஸட் டெபாசிட் பத்தி நாம போட்ட வீடியோவுக்குக் கீழ ஒரு கேள்வி வந்திருந்தது. "சார், கேரண்டின்னா என்ன, வாரண்டின்னா என்ன? ரெண்டும் ஒண்ணா, வேற வேறயா?"

சின்னக் கேள்விதான். ரெண்டு வரியில பதில் போட்டுட்டுப் போயிருக்கலாம். ஆனா அந்த வார்த்தையைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது எங்க அப்பாவோட சம்பளக் கவர்.

1996-ம் வருஷம். நான் ஏழாவது படிச்சுக்கிட்டு இருந்தேன். அப்பாவுக்குச் சம்பளம் 4,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல. அந்த மாசக் கவர்ல 640 ரூபாய் குறைஞ்சிருந்தது. "என்னங்க, பணம் குறையுதே?"ன்னு அம்மா கேட்டாங்க. அப்பா ரொம்ப நேரம் பதில் சொல்லலை. அப்புறம்தான் விஷயம் வெளிய வந்தது. கூட வேலை பார்த்த ஒருத்தர் அலுவலகக் கூட்டுறவுக் கடன் சங்கத்துல கடன் வாங்கியிருந்தார். ரெண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போடணும். அதுல ஒருத்தர் அப்பா. கடன் வாங்கினவர் வேலையை விட்டுட்டு ஊரை விட்டே போயிட்டார். சங்கம் கேட்டது யாரை? கையெழுத்துப் போட்டவங்களை.

"வெறும் ஃபார்மாலிட்டின்னுதான் சொன்னான்"னு அப்பா சொன்னது இன்னும் காதுல இருக்கு. 31 மாசம் பிடிச்சாங்க. கிட்டத்தட்ட 20,000 ரூபாய். அம்மா போட்டுக்கிட்டிருந்த சீட்டு நின்னு போச்சு. எனக்கு வாங்கித் தர்றதாச் சொன்ன சைக்கிள் ரெண்டு வருஷம் தள்ளிப் போச்சு.

கேரண்டிங்கிற வார்த்தைக்கு அர்த்தம் எங்க வீட்டுக்கு அப்படித்தான் தெரிஞ்சது. உங்களுக்கு அதைவிட மலிவாத் தெரியணும்னுதான் இந்தப் பதிவு.

வார்த்தை எங்கிருந்து வந்தது?

முதல்ல உச்சரிப்பு. இங்கிலீஷ்ல இதை "கேரன்-டீ"ன்னு கடைசியில அழுத்தம் கொடுத்துச் சொல்வாங்க. நாம தமிழ்ல கேரண்டி, கியாரண்டி, காரண்டின்னு நம்ம வசதிக்குச் சொல்லிக்கிறோம். அது தப்பில்லை. ஸ்பெல்லிங்லதான் பலரும் தடுக்கி விழுவாங்க. ஏ முதல்லயா, யூ முதல்லயான்னு குழப்பம் வரும். வாசல்ல நிக்கிற செக்யூரிட்டி கார்டு இருக்காரில்லையா, அந்த 'கார்டு'க்கு வர்ற அதே ஜி, யூ, ஏ வரிசைதான் இதுக்கும். இப்படி ஞாபகம் வச்சுக்கிட்டா மறக்காது. அர்த்தத்துலயும் ரெண்டுக்கும் தூரம் அதிகம் இல்லை. ரெண்டுமே காவல் சம்பந்தப்பட்ட வார்த்தைகள்.

இந்த வார்த்தையோட வேர், ஃபிராங்க் மக்கள் பேசின பழைய ஜெர்மானிய மொழியில இருக்கு. பாதுகாக்கிறவன், ஒருத்தருக்காக முன்னால வந்து நிக்கிறவன்னு பொருள். அது பழைய பிரெஞ்சுக்குள்ள போனப்போ ரெண்டு உருவம் எடுத்தது. பாரிஸ் பக்கத்துப் பிரெஞ்சுல 'க' ஓசையோட 'கரான்'னு ஆச்சு. வடக்கே நார்மண்டிப் பக்கம் பழைய 'வ' ஓசையே நிலைச்சு 'வாரன்ட்' மாதிரி ஆச்சு. 1066-ல நார்மன்காரங்க இங்கிலாந்தைப் பிடிச்சாங்க. அவங்க பேச்சோட 'வ' உருவம் முதல்ல இங்கிலீஷுக்குள்ள வந்தது. வாரண்டும் வாரண்டியும் அந்த வழி. சில நூற்றாண்டு கழிச்சு 'க' உருவமும் தனியா உள்ள வந்தது. இன்னைக்கு நாம எழுதற கேரண்டி 17-ம் நூற்றாண்டின் பின்பகுதியிலதான் இங்கிலீஷ்ல பதிவாகுது.

அதாவது கேரண்டியும் வாரண்டியும் ஒரே வயித்துல பிறந்த அண்ணன் தம்பி. வேற வேற வாசல் வழியா ஒரே வீட்டுக்குள்ள வந்தவங்க.

இந்த 'வ', 'க' ஜோடி இங்கிலீஷ்ல நிறைய இருக்கு. வார்டன், கார்டியன் ஒரு ஜோடி. ஹாஸ்டல் வார்டனும் பிள்ளைகளுக்குக் கார்டியன்தானே! இங்கிலீஷ்ல வில்லியம்னா பிரெஞ்சுல கியோம். நம்ம சேனலுக்குப் பொருத்தமான இன்னொரு ஜோடி, கூலியைக் குறிக்கிற 'வேஜ்', அடமானத்தைக் குறிக்கிற 'கேஜ்'. ரெண்டுக்குமே மூலப்பொருள் ஈடு, பிணைப்பொருள். மார்ட்கேஜ்ங்கிற வார்த்தையில பின்பாதி அந்தக் கேஜ்தான். முன்பாதி 'மார்ட்'னா செத்தது. செத்த ஈடு! இதுக்கு ஒரு பழைய விளக்கம் உண்டு. கடனைக் கட்டிட்டா கடன் கொடுத்தவனுக்கு அந்த ஈடு செத்துப் போகும், கட்டலைன்னா வாங்கினவனுக்குச் செத்துப் போகும்னு சொல்வாங்க. ஹோம் லோன் எடுத்தவங்க கொஞ்சம் நேரம் யோசிக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இங்கிலீஷ்ல வாரண்ட்ங்கிற வார்த்தை முதல்ல ஒரு ஆளைத்தான் குறிச்சது: பாதுகாவலன். கேரண்டியும் அப்படித்தான். 17-ம் நூற்றாண்டுல அதுக்கு அர்த்தம் 'உத்தரவாதம் தர்ற மனுஷன்'. காகிதம், சீல், அட்டை எல்லாம் பின்னால வந்த அர்த்தம். இப்போ கேரண்டின்னா அந்த வாக்குறுதி, கேரண்டர்னா அதைத் தர்ற ஆள்னு இங்கிலீஷ்ல பிரிச்சுக்கிட்டாங்க.

நம்ம ஊர்ப் பேச்சுல இந்தப் பழைய அர்த்தம் இன்னும் சாகலைங்கிறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். சம்பந்தம் பேசற இடத்துல மாமா ஒருத்தர் நெஞ்சுல கையை வச்சு, "பையனுக்கு நான் கேரண்டி"ன்னு சொல்வார் பாருங்க. நான் கேரண்டி தர்றேன்னு கூட இல்லை, நானே கேரண்டி. முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி இங்கிலீஷ்காரன் பயன்படுத்தின அதே பொருள்ல மாமா பேசறார், அவருக்கே தெரியாம.

நம்ம மொழியில இதுக்கு இருக்கிற சொற்களையும் பாருங்க. உத்தரவாதம்னா பதில் சொல்ற பொறுப்பு. உத்தரவாதின்னா பதில் சொல்லவேண்டியவர். பிணைன்னா கட்டு. ரெண்டு மாட்டைச் சேர்த்துப் பிணைக்கிறோம்ல, அந்தப் பிணை. கடன்காரனோட உங்களைச் சேர்த்துக் கட்டறதாலதான் நீங்க பிணையாளர். கடத்திட்டுப் போய் வச்சிருக்கிறவங்களைப் பேப்பர்ல பிணைக்கைதின்னு எழுதறாங்களே, அதுவும் இதே பிணைதான்! ஜாமீன் நமக்கு அரபி, பாரசீகம் வழியா வந்த சொல். அங்கேயும் அது பொறுப்பு ஏத்துக்கிற ஆளைத்தான் குறிக்குது. நிலத்தைக் குறிக்கிற ஜமீன் வேற, இது வேற. ஜாமீன் போட்டா ஜமீனும் போகலாம்ங்கிறது தனிக் கதை.

ஆக, எந்த மொழியில எடுத்தாலும் இந்த வார்த்தைக்குள்ள ஒரு ஆள் நிக்கிறார். கேரண்டின்னு யாராவது சொன்னா நாம கேட்கவேண்டிய கேள்வி ஒண்ணுதான்: நிக்கிற ஆள் யாரு, அவர்கிட்ட என்ன இருக்கு? இதைக் கையில வச்சுக்கிட்டு மூணு இடத்துக்குப் போவோம். கடை, முதலீடு, கடன்.

கடையில சொல்ற கேரண்டி

இங்க நிறைய நேரம் நிக்க வேண்டாம். கேரண்டின்னா மாத்தித் தருவாங்க, வாரண்டின்னா ரிப்பேர் பண்ணித் தருவாங்கன்னு கடைக்காரங்க சொல்ற விளக்கத்தை நாம எல்லாருமே கேட்டிருக்கோம். பேட்டரி, இன்வெர்ட்டர் வாங்கறப்போ கட்டாயம் கேட்டிருப்பீங்க. அது வியாபாரப் பழக்கம். சட்டம் இந்த ரெண்டு வார்த்தையையும் அப்படிப் பிரிக்கலை. 1930-ம் வருஷத்துப் பொருள் விற்பனைச் சட்டத்துல வாரண்டின்னு ஒண்ணு இருக்கு. ஒப்பந்தத்தோட மையத்துக்குப் பக்கத்துல இருக்கிற கிளை வாக்குறுதி அது. அதை மீறினா நஷ்டஈடு கேட்கலாம், பொருளையே வேண்டாம்னு தள்ள முடியாது. மையமான வாக்குறுதியை மீறினாத்தான் தள்ளலாம். அதுக்குச் சட்டம் வச்ச பேரு 'கண்டிஷன்'.

அதனால அட்டையில மேல என்ன வார்த்தை அச்சடிச்சிருக்குன்னு பார்க்கறதைவிட, கீழ பொடி எழுத்துல என்ன இருக்குன்னு பாருங்க. நிக்கிற ஆள் கடைக்காரரா, கம்பெனியா? எத்தனை மாசம்? எந்த பாகத்துக்கு? கம்ப்ரஸருக்குப் பத்து வருஷம்னு பெருசாப் போட்டிருப்பாங்க, மத்த பாகம் எல்லாத்துக்கும் ஒரே வருஷம்தான் இருக்கும். சொன்னபடி நடக்கலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்துல புகார் கொடுக்க, பிரச்சனை வந்த நாள்ல இருந்து ரெண்டு வருஷம் டைம். பில்லைத் தொலைச்சிடாதீங்க. அந்தச் சூடு பட்டு அடிக்கிற பில் ஆறு மாசத்துல வெள்ளைக் காகிதமா ஆகிடும், வாங்கின அன்னைக்கே போன்ல போட்டோ எடுத்து வையுங்க.

முதலீட்டுல சொல்ற கேரண்டி

போஸ்ட் ஆபீஸ் சேமிப்பு, பிபிஎஃப், தேசிய சேமிப்புப் பத்திரம். இங்க பின்னால நிக்கிறது மத்திய அரசு. இதுக்கு மேல ஒரு ஆள் இந்த நாட்டுல கிடையாது.

பேங்க் டெபாசிட்டுக்கு முதல்ல நிக்கிறது அந்த பேங்க். பேங்கே விழுந்துட்டா, டெபாசிட் காப்பீட்டு மற்றும் கடன் உத்தரவாதக் கழகம் வந்து நிக்கும். ரிசர்வ் வங்கியோட துணை நிறுவனம் இது, பேரிலேயே உத்தரவாதம் இருக்கு பாருங்க. ஆனா அது நிக்கிறது ஒரு ஆளுக்கு, ஒரு பேங்குக்கு, 5 லட்சம் ரூபாய் வரைக்கும்தான், அசலும் வட்டியும் சேர்த்து. 2020 பிப்ரவரி வரைக்கும் இந்த அளவு வெறும் 1 லட்சமா இருந்தது. ஒரே பேங்கோட மூணு கிளையில உங்க பேர்ல பிரிச்சுப் போட்டாலும் எல்லாத்தையும் கூட்டித்தான் பார்ப்பாங்க. கூட்டுறவு வங்கிகளுக்கும் இந்தக் காப்பீடு உண்டு. ஆனா வங்கியா இல்லாத கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குக் கிடையாது, டெபாசிட் வாங்கற ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் கிடையாது. போர்டுல கூட்டுறவுன்னு பார்த்ததும் நிறைய பேர் இதைக் கவனிக்கிறதில்லை.

இன்சூரன்ஸ்ல 'கேரண்டீட் இன்கம்' பாலிசி விக்கறாங்க. அங்க நிக்கிறது இன்சூரன்ஸ் கம்பெனி, கட்டுப்பாடுகளும் பலமா இருக்கு. சொன்ன தொகை வராமப் போயிடுமோங்கிற பயம் அங்க பெரிய பிரச்சனை இல்லை. என்ன தொகை சொன்னாங்கங்கிறதுதான் பிரச்சனை. ஒரு கணக்குப் போடுவோம். வருஷா வருஷம் ஆரம்பத்துல 1 லட்சம், பத்து வருஷம் கட்டறீங்க. இருபதாவது வருஷ முடிவுல 20 லட்சம் வருது. "போட்டது 10, எடுக்கறது 20, டபுள், கேரண்டி!"ன்னு ஏஜென்ட் சொல்வார். உண்மைதான், பொய் இல்லை. ஆனா வருஷ வட்டியாப் பார்த்தா அது சுமார் 4.5 சதவீதம். கேரண்டின்னு கேட்டதும் நம்ம மூளை கணக்குப் போடறதை நிறுத்திடுது. அந்த வார்த்தையோட பலமே அதுதான்.

இன்னொண்ணு. பாலிசி விக்கறப்போ காட்டற பலன் விளக்க அட்டவணையில 4 சதவீதம், 8 சதவீதம்னு ரெண்டு கணக்கு இருக்கும் பாருங்க. போனஸை நம்பற பகுதிக்கு அந்த ரெண்டுமே கேரண்டி இல்லை, உதாரணம் மட்டும்தான். அதே பக்கத்துலயே அப்படி எழுதியும் இருக்கும். ஏஜென்ட் விரல் வைக்கிறது 8 மேல.

கடைசியா, "1 லட்சம் போடுங்க, மாசம் 5,000 கேரண்டி"ன்னு வர்ற கூட்டம். இவங்ககிட்ட நம்ம கேள்வியைக் கேட்டுப் பாருங்க. யார் நிக்கிறாங்க? ரிசர்வ் வங்கியா, செபியா, அரசாங்கமா? எதுவும் இல்லை. ஒரு ஹோட்டல் ஹால், ஒரு கோட்டு போட்ட ஆள், ஏற்கனவே ரெண்டு மாசம் பணம் வாங்கின உங்க சொந்தக்காரர். அந்தச் சொந்தக்காரர்தான் உண்மையில அங்க கேரண்டியா நிக்கிறார். அவர் முகத்தை நம்பித்தானே பணம் போடறோம்? தமிழ்நாட்டுல இந்த மாதிரி ஏமாந்து ஏமாந்துதான் 1997-ல முதலீட்டாளர் பாதுகாப்புக்குன்னு தனிச் சட்டமே வந்தது. பொருளாதாரக் குற்றப்பிரிவு கேஸ் போடும், சொத்தை முடக்கும், எல்லாம் நடக்கும். பணம் திரும்ப வர வருஷக்கணக்குல ஆகும்.

நீங்களே கேரண்டியா நிக்கிறப்போ

இதுதான் முக்கியமான பகுதி. மேல சொன்ன ரெண்டு இடத்துலயும் வேற யாரோ நமக்காக நிக்கிறாங்க. இங்க நிக்கிறது நாம.

1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம். 150 வருஷம் தாண்டியும் இன்னைக்கும் அதுதான் நடப்புல இருக்கு. அதோட 126-வது பிரிவுல இருந்து இந்த விஷயம் ஆரம்பிக்குது. மூணு பேர்: கடன் கொடுத்தவர், கடன் வாங்கினவர், பிணை நின்னவர். பிரிவு 127 என்ன சொல்லுதுன்னா, கடன் வாங்கினவருக்குக் கிடைச்ச நன்மையே போதும், உங்களுக்குன்னு தனியா எதுவும் கிடைச்சிருக்கணும்னு அவசியம் இல்லை. "எனக்கு இதுல ஒரு பைசா வரலையே சார்"னு பேங்க்ல போய்ச் சொன்னா அவங்க அமைதியாக் கேட்டுக்குவாங்க, அவ்வளவுதான்.

அடுத்தது பிரிவு 128. ஒரே வாக்கியம்தான், ஆனா எங்க அப்பாவோட 31 மாசமும் அதுக்குள்ள இருக்கு. ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலைன்னா, கடன் வாங்கினவருக்கு எவ்வளவு பொறுப்போ பிணை நின்னவருக்கும் அவ்வளவு பொறுப்பு. பாதி இல்லை, 'முதல்ல அவர், அப்புறம் நான்'ங்கிற வரிசையும் இல்லை. நிறைய பேர் நினைக்கிறது இதுக்கு நேர்மாறா. அவன் கட்டலைன்னா பேங்க் அவன் மேல கேஸ் போட்டு, அவன் வீட்டை வித்து, அப்படியும் பத்தலைன்னாத்தான் கடைசியா நம்மகிட்ட வரும்னு நினைக்கிறாங்க. பாங்க் ஆஃப் பிஹார் வழக்குல உச்ச நீதிமன்றம் 1960-களோட கடைசியிலேயே இதைத் தெளிவாச் சொல்லிடுச்சு: முதல்ல கடன் வாங்கினவரைத் துரத்திட்டு அப்புறம் வான்னு பேங்கைச் சொல்ல முடியாது. பணம் சுலபமா எங்க கிடைக்குமோ அங்க போகலாம். சுலபமாக் கிடைக்கிற இடம் எது? மாசச் சம்பளம் வாங்கற, ஒழுங்கா வீட்டுல இருக்கிற, போன் எடுக்கிற நீங்கதான். அதனாலதான் உங்களையே கையெழுத்துக்குத் தேடி வர்றாங்க.

சீட்டுப் போடறவங்களுக்கு இது நல்லாத் தெரியும். பதிவு செஞ்ச சிட் ஃபண்ட்ல சீட்டை எடுத்துட்டீங்கன்னா, மீதித் தவணைக்கு ஜாமீன் காட்டினாத்தான் பணம் கையில வரும். "கவர்ன்மென்ட் ஸ்டாஃப் யாராவது இருக்காங்களா?"ன்னு கேட்பாங்க. நல்ல மனுஷன்ங்கிறதுக்காக இல்லை, சம்பளத்துல பிடிக்க முடியும்ங்கிறதுக்காக. ஆசிரியரா வேலை பார்க்கிற என் சித்தப்பாவுக்கு மாசம் ஒருத்தராவது இந்த வேலையா வீட்டுக்கு வந்துடுவாங்க. வர்றவங்க கையில எப்பவும் ஒரு சீப்பு வாழைப்பழம் இருக்கும்.

கையெழுத்துப் போட்டதும் அந்தக் கடன் உங்க கிரெடிட் ரிப்போர்ட்லயும் வரும், 'கேரண்டர்'ங்கிற பேரோட. நண்பர் ரெண்டு தவணை தவறினா அடி உங்க ஸ்கோருக்கும் விழும். நாளைக்கு நீங்க ஹோம் லோனுக்குப் போறப்போ, ஏற்கனவே இவ்வளவு பொறுப்பு உங்க தலைமேல இருக்குன்னு பேங்க் கணக்குல எடுத்துக்கலாம். கடன் தீர்றதுக்கு முன்னாடி நீங்க போயிட்டாலும், அதுவரைக்கும் ஏற்பட்ட பொறுப்பு நீங்க விட்டுட்டுப் போற சொத்து அளவுக்குப் பிள்ளைகளைத் தேடி வரும்.

படிவத்தை ஒரு தடவையாவது முழுசாப் படிங்க. முக்கியமா ரெண்டு விஷயம். ஒண்ணு, இது ஒரே ஒரு கடனுக்கா, இல்லை தொடர் உத்தரவாதமான்னு பாருங்க. 8 லட்சம் டேர்ம் லோன்னா அது கட்டக் கட்டக் குறையும். கேஷ் கிரெடிட், ஓவர்டிராஃப்ட்னா எடுப்பாங்க, கட்டுவாங்க, திரும்ப எடுப்பாங்க, முடிவே வராது. இன்னொண்ணு, நிபந்தனையை மாத்தற ஷரத்து. சட்டப்படி உங்க சம்மதம் இல்லாம கடனோட நிபந்தனையை மாத்தினா, அதுக்கு அப்புறம் நடக்கறதுக்கு நீங்க பொறுப்பில்லைன்னு பிரிவு 133 சொல்லுது. அருமையான பாதுகாப்பு! ஆனா பேங்க் படிவத்துலயே, மாத்தினாலும் எனக்குச் சம்மதம்னு உங்ககிட்ட முன்கூட்டியே எழுதி வாங்கற வழக்கம் இருக்கு. சட்டம் கொடுத்ததை நாமளே கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்துடறோம்.

ஏற்கனவே கையெழுத்துப் போட்டிருந்தா?

பதற வேண்டாம். முதல் வேலை, கிரெடிட் ரிப்போர்ட் எடுங்க. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், ஹைமார்க் நாலும் வருஷத்துக்கு ஒரு தடவை முழு ரிப்போர்ட்டை இலவசமாத் தரணும். 2017-ல இருந்து இது ரிசர்வ் வங்கி விதி. அந்தக் கடன் எந்த நிலையில இருக்குன்னு அதுல தெரிஞ்சிடும். நண்பர்கிட்ட "கட்டறியாடா?"ன்னு கேட்டு மனசைக் கஷ்டப்படுத்தாமலேயே பார்த்துடலாம்.

தொடர் உத்தரவாதமா இருந்தா, இனிமே எடுக்கப் போற பணத்துக்கு நான் பொறுப்பில்லைன்னு பேங்குக்கு எழுத்துல நோட்டீஸ் கொடுக்கப் பிரிவு 130 இடம் கொடுக்குது. ஒப்பந்தத்துல அதுக்கு என்ன எழுதியிருக்குன்னு முதல்ல பாருங்க. ஏற்கனவே எடுத்த பணத்துக்கு இது உதவாது. டேர்ம் லோன்ல பேங்க் சம்மதிச்சு, வேற ஆளோ வேற ஈடோ வந்தாத்தான் நீங்க வெளிய வரலாம்.

கட்டவேண்டியே வந்துட்டா, கட்டின ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்க. ஏன்னா கட்டினதுக்கு அப்புறம் பேங்க் இருந்த இடத்துல நீங்க வந்து நிக்கிறீங்க. பேங்க்கிட்ட இருந்த அடமானப் பத்திரம், நகை, எதுவா இருந்தாலும் அந்த உரிமை உங்களுக்கு வரும். இது பிரிவு 140, 141. கட்டின பணத்தைக் கடன் வாங்கினவர்கிட்ட திரும்பக் கேட்கிற உரிமை பிரிவு 145. வழக்குப் போடறதா இருந்தா, நீங்க கட்டின தேதியில இருந்து மூணு வருஷத்துக்குள்ள போடணும். உங்களோட இன்னொருத்தரும் ஜாமீன் போட்டிருந்து நீங்க மட்டும் முழுசாக் கட்டியிருந்தா, அவர் பங்கையும் கேட்கலாம். உங்க கேஸுக்கு என்ன பொருந்தும்னு படிவத்தைக் கையில எடுத்துக்கிட்டு ஒரு வக்கீலைப் பாருங்க, அதுக்கு ஆகிற ஃபீஸ் வீண் இல்லை.

அப்பாவுக்கு இந்த 145 தெரியாது. தெரிஞ்சிருந்தா கேட்டிருப்பாரா? சந்தேகம்தான். பல வருஷம் கழிச்சு ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில அந்த நண்பர் எதிர்ல வந்து உட்கார்ந்தார். அப்பா "சௌக்கியமா?"ன்னு கேட்டார். அவரும் "சௌக்கியம்"னார். ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டு எழுந்து போயிட்டாங்க.

இதை இப்போ எழுத இன்னொரு காரணமும் இருக்கு. போன மாசம் என்கூடப் படிச்சவன் போன் பண்ணினான். பிரின்டிங் கடை வச்சிருக்கான், 8 லட்சம் லோன் கேட்டிருக்கான். "டேய், சும்மா ஒரு கையெழுத்துதான்டா. ஃபார்மாலிட்டி." அதே வார்த்தை! சாங்ஷன் லெட்டரை அனுப்புடான்னு கேட்டேன். வந்ததைப் பார்த்தா கேஷ் கிரெடிட், தொடர் உத்தரவாதம். என்னால முடியாதுடான்னு சொல்லிட்டேன். திரும்பி வரலைன்னாலும் தாங்கிக்கலாம்னு தோணின ஒரு தொகை, 60,000 ரூபாய், அதைக் கைமாத்தாத் தர்றேன்னு சொன்னேன். அவன் வாங்கலை. ரெண்டு வாரம் பேசவும் இல்லை.

அவனுக்கு ஒரு மெசேஜ் மட்டும் போட்டிருந்தேன். சிறு தொழில் கடனுக்கு நண்பனோ மச்சானோ நிக்கவேண்டிய இடத்துல வந்து நிக்கிறதுக்குன்னே சிஜிடிஎம்எஸ்இன்னு ஒரு அறக்கட்டளை 2000-லயே ஆரம்பிச்சிருக்காங்க. மத்திய அரசும் சிட்பியும் சேர்ந்து நடத்துறது. வருஷத்துக்கு ஒரு கட்டணம் உண்டு, பெரும்பாலும் அது கடன் வாங்கறவர் தலையிலதான் வரும். கடனைக் கட்டலைன்னா பேங்குக்கு அது ஒரு பங்கைத் தரும், ஆனா வாங்கினவனோட கடன் அப்படியேதான் இருக்கும். 'மேனேஜர்கிட்ட இதுல போட முடியுமான்னு கேளு'ன்னு எழுதியிருந்தேன்.

போன ஞாயித்துக்கிழமை கூப்பிட்டான். மேனேஜர் முடியாதுன்னு சொல்லலையாம், உத்யம் பதிவு இருக்கான்னு கேட்டாராம். "அது என்னடா, எங்க போய்ப் பண்றது?"ன்னான். ஆன்லைன்லதான், பதிவுக்குக் கட்டணம் கிடையாது, ஆதாரும் பான் கார்டும் எடுத்துக்கிட்டு வான்னு சொல்லி வச்சிருக்கேன். நாளைக்கு சாயங்காலம் வர்றான். பதிவு பண்றதை அப்படியே ஸ்கிரீன்ல எடுத்து அடுத்த வீடியோவாப் போடறேன், அவன் ஆதார் நம்பரை மறைச்சுட்டு.